பெனிடாயின் தொடங்கி 3 வாரத்தில் தடிப்பா? இன்றே கிளம்புங்கள்

அம்மாவுக்கு வலிப்புக்காகப் பெனிடாயின் தொடங்கி 3 வாரம் கழித்துக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து சூட்டுக்கொப்புளம் என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வாமை உடனேதான் வரும் என்பதில்லை, இந்த வகை 2 முதல் 8 வாரம் கழித்துத்தான் தலைகாட்டும், கல்லீரலையும் பிடிக்கும். என் அப்பாவுக்கு இப்படித்தான் இமை திறக்க முடியாதபடி வீங்கியது, நாங்கள் செட்டிரிசின் என்ற சாதாரண அலர்ஜி மாத்திரையைக் கொடுத்து நான்கு நாளை வீணாக்கினோம்.

மாத்திரை அட்டையோடு இன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள், அடுத்த வேளைக்கு முன்பே. சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால் மாற்று மருந்தை அவர்களே தருவார்கள். ஆனால் கார்பமசிபைன், பீனோபார்பிடோன் என்ற வலிப்பு மருந்துகள் வேண்டாம், அவையும் இதையே கிளப்பக்கூடும். ஈசினோபில் (ஒவ்வாமையில் கூடும் ஒரு வகை வெள்ளை அணு), கல்லீரல் பரிசோதனை கேளுங்கள். வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் உரிதல் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். அப்புறம், ஸ்டீராய்டு கொடுத்தால் வாரக்கணக்கில் மெல்லத்தான் குறைப்பார்கள், தடிப்பு மறைந்ததும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.