வாசகர் கேள்வி பதில்: கம்ப்ரஸரைக் கொஞ்சமாகப் போடுங்கள்

வீட்டில் பாட்டுப் பதிவு செய்பவர்களிடமிருந்து இந்த மாதம் நிறையக் கேள்விகள். பெரும்பாலானவை ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கம்ப்ரஸர், உச்சத்தைத் தடுத்து நிறுத்தும் லிமிட்டர் பற்றியே இருந்ததால் நான்கை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: வீட்டில் ஒரு காண்டென்சர் மைக் வைத்து கர்நாடக சங்கீதம் பாடிப் பதிவு செய்கிறேன். தம்பி மிருதங்கம் வாசிக்கிறான், அவனுக்குத் தனி மைக். ஒரு வீடியோவில் சொன்னபடி குரலுக்குக் கம்ப்ரஸர் போட்டேன். சத்தம் நன்றாக ஏறியது, ஆனால் கமகமெல்லாம் தட்டையாகிவிட்ட மாதிரி இருக்கிறது. பாடாத இடங்களில் ஃபேன் சத்தம் வேறு எழும்பி வருகிறது. எங்கே தப்பு? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அளவு அதிகமாகிவிட்டது. கம்ப்ரஸர் உண்மையில் சத்தத்தைக் குறைக்கத்தான் செய்கிறது. ஒலி நீங்கள் வைத்த த்ரெஷோல்டை, அதாவது வரம்பைத் தாண்டினால், தாண்டிய அளவை ரேஷியோவின்படி சுருக்கும். 3:1 வைத்திருந்தால், 6 டெசிபல் தாண்டிய ஸ்வரம் 2 டெசிபல் மட்டும் தாண்டி வெளியே வரும், மிச்சம் 4 டெசிபல் போய்விடும். போனதை ஈடுகட்ட மேக்கப் கெயினை ஏற்றுகிறோம் இல்லையா, சத்தம் கூடியது அங்கேதான். நீங்கள் மூச்சு வாங்க நிறுத்தும்போது ஒலி த்ரெஷோல்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது, கம்ப்ரஸர் பிடியை விட்டுவிடுகிறது, ஆனால் மேக்கப் கெயின் அப்படியே நிற்கிறது. 8 டெசிபல் ஏற்றியிருந்தால் ஃபேனும் 8 டெசிபல் ஏறித்தான் கேட்கும். சில பிளக்இன்களில் (பதிவு மென்பொருளுக்குள் ஓடும் துணை நிரல்கள்) ஆட்டோ மேக்கப் தானாகவே போடப்பட்டிருக்கும், முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். பதிவு நடக்கும்போது ஃபேனையும்.

கமகத்துக்கு வருவோம். தோடி காந்தாரத்தை அசைத்துப் பாடும்போது ஸ்தானம் மட்டும் அசைவதில்லை, குரலின் அழுத்தமும் கூடவே ஏறி இறங்குகிறது. வேகமான அட்டாக்கும் (பிடிக்க எடுக்கும் நேரம்) வேகமான ரிலீஸும் (பிடியை விட எடுக்கும் நேரம்) வைத்தால் கம்ப்ரஸர் ஒவ்வொரு அசைவையும் துரத்தித் துரத்திச் சமன் செய்துவிடும். ஸ்வரம் சரியாகவே இருக்கும், பாவம் போய்விடும். இதை நான் மிகவும் வருத்தத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் அருமையாகப் பாடிப் பதிவு செய்த எத்தனையோ பேருடைய உழைப்பு இந்த ஒரு இடத்தில் வீணாகிறது.

அதனால் கம்ப்ரஸரைத் திறப்பதற்கு முன்னால் கையால் செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள். பாட்டை ஒரு தடவை முழுக்கக் கேட்டு, தார ஸ்தாயியில் குரல் முட்டிக்கொண்டு வரும் சங்கதிகளை மட்டும் வெட்டித் தனியாக்கி 3 டெசிபல் இறக்குங்கள், வரியின் கடைசியில் காற்றாகிப் போகும் அட்சரங்களை 2 டெசிபல் ஏற்றுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் எந்த இடத்தில் குரல் அடங்க வேண்டும், எங்கே நிமிர வேண்டும் என்பது பாடிய உங்களுக்குத் தெரியும், பிளக்இன்னுக்குத் தெரியாது. அப்புறம் கம்ப்ரஸர். ரேஷியோ 2:1, அட்டாக் 20 முதல் 30 மில்லிசெகண்ட், ரிலீஸ் 200 பக்கம் வைத்து ஆரம்பியுங்கள். த்ரெஷோல்டை மெல்ல இறக்கிக்கொண்டே வந்து, உரத்த இடங்களில் மட்டும், எவ்வளவு குறைக்கிறது என்று காட்டும் கெயின் ரிடக்ஷன் மீட்டர் 2 அல்லது 3 டெசிபல் அசைந்துவிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். மீட்டர் பூஜ்யத்துக்கே திரும்பாமல் எப்போதும் கீழேயே கிடந்தால் குரல் முழு நேரமும் நசுங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் வேண்டுமென்றால் ஒரே கம்ப்ரஸரை 6 டெசிபல் வேலை வாங்காமல், அதன் பின்னால் இரண்டாவதாக ஒன்றைப் போட்டு அதையும் 2 டெசிபலோடு விட்டுவிடுங்கள், ஒன்றின் வேலையும் தனியாகக் காதில் விழாது.

இனிமேல் சொல்வதை மட்டும் தயவுசெய்து தவற விடாதீர்கள். கம்ப்ரஸரைப் போட்டும் எடுத்தும் ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடினாலே நம் காது அதை “நல்லா இருக்கு” என்று எடுத்துக்கொள்ளும், அது மனிதக் காதின் இயல்பு. மேக்கப் கெயினை வைத்து இரண்டையும் சமமாக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பைபாஸ் பட்டனை அழுத்தி அழுத்திப் பாருங்கள். எது பைபாஸ் என்று சட்டென்று பிடிபடவில்லை, ஆனால் போட்டிருக்கும்போது சாகித்தியம் கொஞ்சம் தெளிவாகக் கேட்கிறது என்றால், அளவு சரி.

தம்புரா ஆப்பை அறையில் ஒலிக்க விட்டுப் பாடாதீர்கள், ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு பாடுங்கள். குரல் மைக்கில் தம்புராவும் ஏறிவிட்டால், ஒவ்வொரு வரி முடிந்ததும் அது வீங்கிக்கொண்டு மேலே வரும், அதை மிக்ஸிங்கில் பிரித்தெடுக்க முடியாது. தம்புராவைத் தனி ட்ராக்கில் வையுங்கள், அதற்குக் கம்ப்ரஸரே வேண்டாம்.

கேள்வி: எல்லா ட்ராக்கையும் சேர்த்து மாஸ்டரில் ஒரு கம்ப்ரஸர் போட்டிருக்கிறேன். மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம் தொம் விழும்போதெல்லாம் குரல் ஒரு கணம் உள்ளே போய் வருகிறது. (வாசகர், கோவை)

பதில்: தாழ்ந்த ஒலிகளுக்குச் சக்தி அதிகம், அதனால் கம்ப்ரஸரின் கண்ணில் முதலில் படுவது தொப்பிதான். ஆனால் அது குறைப்பது மொத்த மிக்ஸையும், அதில் குரலும் சேர்ந்து இறங்குகிறது. சைட்செயின் ஹைபாஸ் ஃபில்டர் இருக்கிறதா பாருங்கள், ரீப்பர் என்ற பதிவு மென்பொருளோடு வரும் ரியாகாம்ப் கம்ப்ரஸரில் இருக்கிறது. அதை 120 ஹெர்ட்ஸ் வாக்கில் வைத்தால், கம்ப்ரஸர் அளவு பார்க்கும்போது அதற்குக் கீழே இருப்பதைப் பெரிதாகக் கணக்கில் எடுக்காது. கேட்கும் ஒலியில் தொப்பியின் கனம் குறையாது, பயப்பட வேண்டாம்.

மிருதங்க ட்ராக்குக்குத் தனியாகப் போடுவதானால் அட்டாக்கைக் கவனியுங்கள். 1 மில்லிசெகண்ட் வைத்தால் வலந்தலையில் விரல் படும் அந்த முதல் சொடுக்கு மழுங்கிவிடும். 30 வைத்தால் சொடுக்கு தப்பித்துவிடும், பின்னால் வரும் நாதம் மட்டும் அடங்கும். ரிலீஸையும் ரொம்பக் குறைக்காதீர்கள். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு சுற்று 10 மில்லிசெகண்ட். ரிலீஸும் அட்டாக்கும் அதைவிடச் சின்னதாக இருந்தால் கம்ப்ரஸர் அலையின் வடிவத்தையே பிடித்து இழுக்க ஆரம்பிக்கும், தொம் கரகரக்கும். அது தோல் சரியில்லாததால் வருகிறது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: நான் ஏற்றும் பாட்டு மற்றவர்களுடையதைவிடச் சத்தம் குறைவாக இருக்கிறது. லிமிட்டரில் எவ்வளவு தள்ளலாம்? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: தள்ளிப் பயனில்லை. ஸ்பாட்டிஃபை சாதாரணமாக -14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) அளவுக்குப் பாட்டுகளைச் சமன் செய்கிறது, ஆப்பிள் மியூசிக்கின் சவுண்ட் செக் -16க்கு. நீங்கள் -8 வரை நெருக்கிக் கொடுத்தால் ஸ்பாட்டிஃபை 6 டெசிபல் இறக்கிவிடும். சத்தமும் கிடைக்காது, நசுங்கிய மேடுகளும் திரும்பி வராது. யூடியூபில் உரத்ததை இறக்குவார்கள், மெதுவாக இருப்பதை ஏற்ற மாட்டார்கள். கணினியில் வீடியோ மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறந்தால், உங்கள் பாட்டு அவர்கள் அளவுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று டெசிபலில் காட்டும்.

லிமிட்டர் என்பது ரேஷியோ மிக உயர்ந்த, மிக வேகமான கம்ப்ரஸர்தான். சீலிங்கை, அதாவது ஒலி தாண்டக் கூடாத உச்ச வரம்பை, ட்ரூ பீக் -1 டெசிபலில் வையுங்கள், எம்.பி.3, ஏ.ஏ.சி. ஆக மாற்றும்போது மேடுகள் கொஞ்சம் உயரும் என்பதால் அந்த இடைவெளி தேவை. பாட்டின் மிக உரத்த இடங்களில் 1, 2 டெசிபல் குறைந்தால் போதும். அதற்கு மேல் மீட்டர் துடித்தால் மிக்ஸுக்குத் திரும்பிப் போய் எது முட்டுகிறது என்று தேடுங்கள். பல சமயம் தனி ஆவர்த்தனத்தில் ஒரே ஒரு தீம் மற்ற எல்லாவற்றையும்விட 5 டெசிபல் உயரமாக நிற்கும். அந்த ஒரு அடியை மட்டும் கையால் இறக்கினால் பாட்டு முழுவதையும் ஏற்ற இடம் கிடைத்துவிடும். அளவு பார்க்க யூலீன் லவுட்னஸ் மீட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. வாய்ப்பாட்டுக் கச்சேரி -16, -18இல் இருந்தாலும் ஒன்றும் குறைவில்லை, கேட்பவர் வால்யூமைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வார்.

கேள்வி: எல்.ஏ.-2ஏ பிளக்இன் வாங்கினால்தான் குரல் நன்றாக வருமா? (வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம். அந்தப் பழைய கம்ப்ரஸர் கருவி குரலுக்குப் பேர் வாங்கியதற்குக் காரணம் அதன் நிதானம். உள்ளே ஒரு விளக்கும் ஒளியை உணரும் பாகமும் இருப்பதால், பிடித்ததைப் பாதி சட்டென்று விட்டு மீதியைச் சில நொடிகளில் மெதுவாக விடும். ரியாகாம்ப்பில் அட்டாக் 10, ரேஷியோ 3:1, நீ சைஸ் (knee, த்ரெஷோல்டை ஒட்டிச் சுருக்கம் மெல்லத் தொடங்கும் அகலம்) 6 டெசிபல், ரிலீஸ் 300க்கு மேல் என்று வைத்துப் பாருங்கள், வீட்டுப் பதிவுக்குத் தாராளமாகப் போதும். அந்தப் பணத்தில் மைக்குக்குப் பின்னாலும் பாடுபவர் முதுகுக்குப் பின்னாலும் தொங்கவிட இரண்டு கனத்த ஜமுக்காளம் வாங்குங்கள். கம்ப்ரஸர் போட்டதும் முதலில் மேலே வருவது அறையின் எதிரொலிதான், அதை எந்தப் பிளக்இன்னை வைத்தும் முழுசாக எடுக்க முடியாது.