கப்பலில் மூன்று இரவு, கடற்கரையில் நான்கு இரவு

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறேன். வங்கி வேலையிலிருந்து போன வருடம் ஓய்வுபெற்றேன். எனக்கு 61 வயது, மனைவிக்கு 57. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கோயில், உறவுக்காரர் விசேஷம் தவிர நாங்கள் இருவர் மட்டுமாக எங்கும் போனதில்லை. தை மாதம் சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பலில் போய்விட்டு, பிறகு கடற்கரை ரிசார்ட்டில் தங்கி ஓய்வெடுக்க ஆசை. டிராவல்ஸ்காரர் எட்டு இரவுக்குத் திட்டம் கொடுத்திருக்கிறார்: சிங்கப்பூர் இரண்டு, கப்பல் மூன்று, கோலாலம்பூர் ஒன்று, கெந்திங் மலை ஒன்று, லங்காவி ஒன்று. மனைவிக்கு மூட்டுவலி உண்டு, சுத்த சைவம். இந்தத் திட்டம் சரிவருமா? எந்த அறை எடுப்பது? பிறகு என்னென்ன செலவு வரும்?

கடிதத்தின் அடியில் உங்கள் மனைவி தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "நான் சேலைதான் கட்டுவேன். கப்பலில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களா?" அம்மாவுக்கும் பதில் உண்டு, கடைசியில் வருகிறேன்.

பதில்: எட்டு இரவு தாராளம். ஆனால் இந்தத் திட்டத்தில் ஐந்து முறை பெட்டியைப் பிரித்து, ஐந்து முறை கட்ட வேண்டியிருக்கிறது. மூட்டுவலி உள்ளவருக்கு அது ஓய்வாக இருக்காது. கோலாலம்பூரையும் கெந்திங்கையும் எடுத்துவிடுங்கள். சிங்கப்பூரில் ஒரு இரவு, கப்பலில் மூன்று, மிச்சம் நான்கு இரவும் மலேசியாவின் லங்காவித் தீவில். அதே எட்டு இரவுதான். லங்காவிக்கு ஒரு இரவு ஒதுக்கியவர் அங்கே உங்களைத் தூங்க மட்டுமே கூட்டிப்போகிறார்.

கப்பல் முதலில், கடற்கரை பிறகு என்ற வரிசையை மாற்றாதீர்கள். கப்பலில் சாப்பாட்டு நேரம், மேடை நிகழ்ச்சி, துறைமுகத்தில் இறங்கும் நேரம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. முதல்முறை போகிறவர்கள் எதையும் விட மனசில்லாமல் அலைந்து களைத்துப்போவார்கள். அந்தக் களைப்பு தீரத்தான் பிறகு கடற்கரை.

சிங்கப்பூரில் அந்த ஒரு இரவை மட்டும் மிச்சம்பிடிக்காதீர்கள். கப்பல் கிளம்பும் நாளன்றே விமானத்தில் போய் இறங்குவது நானே ஒருமுறை செய்த தவறு. விமானம் தாமதமாகி, பயணிகளை ஏற்றுவதை முடிக்கும் தறுவாயில் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே வாசலை மூடிவிடுவார்கள். தவறவிட்டால் பணம் திரும்பி வராது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம், நாலு மணி நேரப் பயணம். முந்தின நாளே போய், குளித்து, தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்கா பக்கம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். சிங்கப்பூரில் பயணிகள் கப்பல் முனையம் இரண்டு இருக்கிறது: ஒன்று மரினா பே, இன்னொன்று ஹார்பர்ஃப்ரண்ட். உங்கள் டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்து டாக்சிக்காரரிடம் சொல்லுங்கள்.

எந்தக் கப்பல் என்பதைவிட, அது எங்கே நிற்கிறது, எப்படி நிற்கிறது என்பதுதான் அம்மாவின் மூட்டுக்கு முக்கியம். மலேசியாவின் பினாங்கில் ஜார்ஜ் டவுன் நகரத்தை ஒட்டிய ஸ்வெட்டன்ஹாம் துறைமேடையிலேயே கப்பலைக் கட்டுவார்கள். பலகை வழியாக நடந்து இறங்கினால் ஊர். தாய்லாந்தின் புக்கெட் போகும் கப்பல்கள் பலவும் பட்டோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகில் மாற்றிக் கரைசேர்க்கும். அலையில் ஏறி இறங்கும் படகுக்குக் கால் வைத்துத் தாண்டுவது மூட்டுவலிக்காரருக்கு நல்லதில்லை. அதோடு தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கைபேசி உள்ளூர் நேரத்துக்குத் தானாக மாறிவிடும். கப்பல் தன் நேரப்படி கிளம்பிவிடும். ஆகவே பினாங்கு மட்டும் போய்த் திரும்பும் மூன்று இரவுப் பயணத்தை எடுங்கள். வெள்ளி, ஞாயிறு கலக்காத வாரநாள் பயணம் விலையும் குறைவு, கூட்டமும் குறைவு. சீனப் புத்தாண்டு வாரத்தை ஒட்டி எடுக்கவே வேண்டாம்.

இந்தப் பாதை இன்னொரு விதத்திலும் நல்லது. மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாய் தீபகற்பம். இரண்டும் அணைபோல நிற்பதால் பெரும்பாலும் பெரிய ஆட்டம் இருக்காது. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கடல் புதிதும் அல்ல. சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆளேற்றி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போன ரஜூலா கப்பலையும், பின்னால் வந்த எம்.வி. சிதம்பரத்தையும் உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சிதம்பரம் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தே நின்றது. அந்தக் கப்பலின் டெக்கில் பாய் விரித்துப் போனவர்களின் பேரன்மார் இன்றைக்குப் பினாங்கில் இருக்கிறார்கள்.

இனி அறை. சன்னல் இல்லாத உள்ளறை, சன்னலறை, பால்கனி அறை, சூட் என்று நான்கு வகை. உங்களுக்குப் பால்கனி அறைதான் என் யோசனை. மூன்று இரவுக்கு இவ்வளவு கூடுதலா என்று தோன்றும். ஆனால் இருவர் மட்டும் காலையில் காபியோடு கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார அந்தக் கப்பலில் வேறு தனியிடம் கிடைக்காது. கையைக் கடித்தால் சன்னலறை எடுங்கள், உள்ளறை வேண்டாம். அறை கப்பலின் நடுப்பகுதியில், முடிந்தவரை கீழ்த்தளத்தில், லிப்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நடுவில் ஆட்டம் குறைவு. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறையில் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். "கம்பெனியே அறையை ஒதுக்கும்" என்ற மலிவு டிக்கெட்டில் இதில் எதையும் நீங்கள் கேட்க முடியாது.

லிப்டை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், சிங்கப்பூரிலிருந்து ஓடிய ஜென்டிங் ட்ரீம் கப்பலின் நீளம் 335 மீட்டர். நம் பெரிய கோயில் விமானம் 216 அடி; அதுபோல ஐந்தைப் படுக்கவைத்த நீளம். ஒரு முனையில் அறை, மறுமுனையில் சாப்பாட்டுக்கூடம் என்றால் ஒரு வேளைக்குப் போய்வர அரைக் கிலோமீட்டருக்கு மேல். ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதிவையுங்கள். கூச்சப்பட வேண்டாம், அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். குளியலறை வாசலில் ஒரு சிறு படி இருக்கும், ராத்திரியில் கவனம்.

சாப்பாட்டு விஷயத்தில் 'சைவம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். முட்டை, மீன் சாறு, சிப்பிச் சாறு எதுவும் கூடாது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நம் சைவமும் சீனச் சமையற்காரர் நினைக்கும் சைவமும் ஒன்றல்ல. முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்துவிட்டு, ஏறிய அன்றே சாப்பாட்டுக்கூட மேற்பார்வையாளரிடம் நேரிலும் சொல்லுங்கள். மறுநாளைக்குத் தயிர்சாதம் வேண்டும் என்றால்கூட முந்தின ராத்திரி சொன்னால் பல கப்பல்களில் செய்து தருவார்கள். வீட்டுச் சமையலைக் கப்பலில் ஏற்றவிட மாட்டார்கள். மின்கெட்டில், இஸ்திரிப் பெட்டி இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மிக முக்கியமாக, கசகசாவைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகவே கூடாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருந்தால் அதையும் விட்டுவிட்டு வாருங்கள். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை சிலவற்றுக்கு அங்கே முன் அனுமதி வேண்டும். அம்மா மூட்டுக்கு என்ன சாப்பிடுகிறார் என்று மருத்துவரிடம் கேட்டு, மருந்துச்சீட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொண்டு, பல மணி நேரம் கழித்துத்தான் அறை வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். தலைசுற்றல் மாத்திரையை, சுற்றல் வந்தபின் போட்டால் அவ்வளவாகப் பயன் தராது. கிளம்புமுன் போட வேண்டும். கண்ணழுத்தம், சிறுநீர்த் தொல்லை உள்ளவர்களுக்குச் சில மாத்திரைகள் ஆகாது, மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். சாப்பிடுமுன் சோப்புப் போட்டே கை கழுவுங்கள். கப்பல்களில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரசுக்கு, வாசலில் வைத்திருக்கும் கைத்தெளிப்பான் சரியாக வேலை செய்வதில்லை.

செலவுக்கு வருகிறேன். டிக்கெட் விலைக்கு மேல் துறைமுகக் கட்டணமும் சேவைக் கட்டணமும் உண்டு. சேவைக் கட்டணம் நபருக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர் அளவில் இருக்கும். இருவருக்கு மூன்று இரவுக்கு 100 டாலரைத் தொட்டுவிடும். அதைச் சேர்த்துத்தான் விலை சொன்னாரா என்று டிராவல்ஸ்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் பணம் வாங்கும்போதே அவர் பிடிக்கும் டிசிஎஸ் வரியை வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ரசீதைத் தொலைக்காதீர்கள். கப்பல் நகர்ந்ததும் கைபேசியை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் அது தானாக ஒட்டிக்கொண்டு பில் ஏறும். பிள்ளைகளிடம், "மூன்று நாள் எங்களைத் தேட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அதுவே ஒரு விடுமுறை.

காப்பீடு கட்டாயம். கப்பல் மருத்துவர் பார்த்தால் பணம் நேராக உங்கள் அறைக் கணக்கில் ஏறும். பெரிய கோளாறு என்றால் கரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கடற்பயணத்தையும் அவசரமாகக் கரைசேர்க்கும் செலவையும் ஏற்கும் காப்பீடாக எடுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகையா என்று பாருங்கள். கப்பலில் போய்த் திரும்புவதும் மறுபடி நாட்டுக்குள் நுழைவதுதான். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் விடுகிறது. இந்தச் சலுகையைக் கெடு வைத்து நீட்டிவருகிறார்கள், பணம் கட்டுமுன் பார்த்துவிடுங்கள். இரு நாடுகளுக்கும் மின்வருகை அட்டையை நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம். பணம் கேட்கிற இணையதளம் அரசுடையது அல்ல.

பினாங்கு நாளுக்குச் சுற்றுலாப் பேருந்து வாங்க வேண்டாம். துறைமேடையிலிருந்து டாக்சியில் லிட்டில் இந்தியா சில நிமிடம். 1833இல் எழும்பிய மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டு, இலைச்சாப்பாடு சாப்பிட்டு, வெயில் ஏறுமுன் கப்பலுக்குத் திரும்பிவிடுங்கள். தண்ணீர்மலை முருகன் கோயில் 500 படிக்கு மேல். அம்மா கீழே நின்றே கும்பிட்டுக்கொள்ளட்டும். அன்று தைப்பூசமாக இருந்தால் தெருவெல்லாம் காவடிதான். அழகான நாள், ஆனால் டாக்சி கிடைக்காது.

கப்பல் காலையில் சிங்கப்பூர் திரும்பும். லங்காவி விமானத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு போடுங்கள். லங்காவி கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. ராஜேந்திர சோழன் படையெடுத்ததாகப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்லும் கடாரம் அந்தப் பக்கம்தான். தை மாதம் அங்கே மழை ஓய்ந்த காலம், கடலும் சாந்தமாக இருக்கும். சினாங் கடற்கரையில் கடை, கூட்டம், இந்தியச் சாப்பாடு எல்லாம் உண்டு. அதை ஒட்டித் தெற்கே இருக்கும் தெங்கா கடற்கரை அமைதி. தங்குவது தெங்காவில், சாப்பிடப் போவது சினாங்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை எடுக்கும்போது தரைத்தளம், மணலுக்குப் போகும் வழியில் படி இல்லாத இடம் என்று கேளுங்கள். பல ரிசார்ட்டுகள் மலைச்சரிவில் இருக்கின்றன, படத்தில் அது தெரியாது. வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியைத் தனியாக வாங்குவார்கள். நான்கு நாளில் மச்சின்சாங் மலைக்குக் கேபிள் காரில் ஒருநாள், கிலிம் சதுப்புநிலக் காட்டில் படகில் ஒருநாள், அவ்வளவுதான். மற்ற இரண்டு நாளுக்கு எதுவும் பதிவு செய்யாதீர்கள். திரும்பும்போது சிங்கப்பூருக்கு வர வேண்டியதில்லை; கோலாலம்பூரில் விமானம் மாறினால் நேராகத் திருச்சி.

அம்மா, சேலையே கட்டுங்கள். நீச்சல்குளத்தில் இறங்கினால்தான் நீச்சலுடை கேட்பார்கள், ஓரத்தில் உட்கார எதுவும் தேவையில்லை. ஒரு ராத்திரி எல்லோரும் நன்றாக உடுத்தி வரும் விருந்து இருந்தால், ஒரு பட்டுச்சேலை எடுத்துவையுங்கள். பக்கத்து மேசைக்காரர்கள் படம் எடுக்கலாமா என்று கேட்டாலும் கேட்பார்கள். மேல்தளத்தில் காற்று பலமாக அடிக்கும். முந்தானைக்கு இரண்டு ஊக்கு கூடுதலாகக் குத்திக்கொள்ளுங்கள், செருப்பு வழுக்காததாக இருக்கட்டும்.