பானைக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள்: கண்காட்சிப் பலகை பற்றிக் கேள்வி பதில்

1928இல் இராமன் விளைவு அறிவிக்கப்பட்ட பிப்ரவரி 28 நெருங்குகிறது. தேசிய அறிவியல் நாளையொட்டிப் பள்ளிகளில் கண்காட்சி வேலை சூடுபிடித்திருக்கிறது. இருபத்தாறு ஆண்டுகள் அறிவியல் ஆசிரியராக இருந்தவன், பல கண்காட்சிகளில் நடுவராக நின்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பலகையைக் கடையில்தான் வாங்க வேண்டுமா? (ஏழாம் வகுப்பு மாணவனின் தந்தை, திருச்சி)

வேண்டாம். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியே போதும். நடுப்பகுதியும் இருபுறமும் இறக்கைகளுமாக மூன்று மடிப்பு வையுங்கள். மடிக்கும் இடத்தில் பின்பக்கத்துத் தாளை மட்டும் ஸ்கேல் வைத்துக் கீறினால் இறக்கைகள் முன்னோக்கி மடிந்து பலகை தானாக நிற்கும். சார்ட்டை மைதா பசையால் ஒட்டாதீர்கள், காய்ந்ததும் சுருங்கிவிடும். இரட்டைப் பக்க டேப் நல்லது. தெர்மாகோலில் கரைப்பான் கலந்த பசை பட்டால் அந்த இடமே குழிந்து உருகிப்போகும். பன்னாட்டுக் கண்காட்சியான ஐசெஃபில் பலகையின் அகலம் 122 செ.மீ.க்கு மேல் கூடாது. உங்கள் பள்ளியில் மேசை எவ்வளவு அகலம் என்று கேட்டுவிட்டு அட்டையை வெட்டுங்கள்.

கேள்வி: எழுத்து எந்த நிறத்தில் இருக்கலாம், ஐயா? (ஒன்பதாம் வகுப்பு மாணவி)

வெள்ளையில் கறுப்பு அல்லது கருநீலம், அம்மா. மஞ்சள் ஸ்கெட்ச் பேனா மட்டும் வேண்டாம். எழுதியதும் மூன்று மீட்டர் தள்ளி நின்று தலைப்பைப் படித்துப் பார்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. மண்பானை நீரும் எவர்சில்வர் பாத்திரத்து நீரும் என்று மூன்று நாள் அளந்தாள். அறை 30 டிகிரி, எவர்சில்வர் 30, பானை 28. பாடத்தில் பானை நன்றாகக் குளிர்விக்கும் என்று இருக்கிறதே, இரண்டு டிகிரியை எப்படிப் பலகையில் போடுவது? 24 என்று எழுதிவிடலாமா? அளந்த பிறகு பானைக்கு எனாமல் பெயின்ட் அடித்து மயில் வரைந்து வைத்திருக்கிறோம். (நாகப்பட்டினம்)

எழுதவே கூடாது! உங்கள் மகள் கண்டது எவ்வளவு அருமையான விஷயம் தெரியுமா? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் ஆவியாதல் மந்தமாகிவிடும். நீங்கள் இருப்பது கடற்கரை ஊர். அந்த இரண்டு டிகிரி உங்கள் ஊர்க் காற்றின் கதை. தெர்மாமீட்டர் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறச் சொல்லுங்கள். அது காட்டும் அளவுக்குக் கீழே பானை நீர் போகாது. அந்த எண்ணையும் வரைபடத்தில் ஒரு கோடாகப் போட்டால் பலகைக்கு உயிர் வந்துவிடும்.

பெயின்ட் நுண்துளைகளை அடைத்துவிடும். மேசையில் பெயின்ட் அடிக்காத பானையை வையுங்கள்.

கேள்வி: எரிமலை மாதிரிக்குப் பலகையில் என்ன எழுதலாம்?

எதை அளந்தீர்களோ அதை. வினிகரும் சோடா உப்பும் பொங்குவதைக் காட்டுவது செயல்விளக்கம்தான். சோடாவின் அளவை மாற்றி மாற்றி, வரும் வாயுவை அளந்தால் அது ஆய்வு.

கேள்வி: நானும் தர்மபுரியில் இதே பானைச் சோதனையைச் செய்தேன். 32 டிகிரி அறையில் பானை நீர் 25. நாகப்பட்டினத்து இரண்டு டிகிரி அளவீட்டுப் பிழை. அதைப் பலகையில் வைத்தால் பிள்ளைகள் தவறாகக் கற்பார்கள்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். பள்ளித் தெர்மாமீட்டரில் ஒரு டிகிரிக்கு ஒரு கோடுதான், ஆகவே இரண்டு டிகிரி என்பது சிறிய வேறுபாடு. ஒரே தெர்மாமீட்டரால் இரண்டு பாத்திரங்களையும் அளந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று நாளும் அதே வேறுபாடு வந்தால் அதைப் பிழை என்று தள்ள முடியாது. உங்கள் ஊர்க் காற்று உலர்ந்தது. நீங்களும் ஈரத்துணி அளவை எடுங்கள். நாகப்பட்டினத்தைவிட மிகக் கீழே நிற்கும். இரண்டு ஊர் அளவும் சரியே. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

கேள்வி: எரிமலைக்கு எந்த வண்ணம் நன்றாக இருக்கும்?

எரிமலை பற்றி மேலே சொன்ன பதிலைப் படியுங்கள். வண்ணத்துக்கு முன் ஓர் அளவீட்டை யோசியுங்கள்.

கேள்வி: ஃப்ளெக்ஸ் அடித்துவிடலாமா?

குழந்தையின் கையெழுத்தில், அலகுகளோடு உள்ள அட்டவணையைத்தான் நடுவர் குனிந்து படிப்பார். நான் அப்படித்தான் படித்தேன். அளவு எடுத்த நோட்டையும் மேசையில் வையுங்கள், அடித்துத் திருத்தியது அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: பள்ளி மாணவர்களின் புதிய யோசனைகளுக்கு ஒன்றிய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு நாங்களே விண்ணப்பிக்கலாமா?

பள்ளிதான் பதிவு செய்ய வேண்டும். தலைமை ஆசிரியரைப் பாருங்கள்.

கேள்வி: நாகப்பட்டினத்திலிருந்து மறுபடியும். ஈரத்துணி 27 டிகிரி காட்டியது, ஐயா. பெயின்ட் அடித்த பானையையும் அளந்தாள். எவர்சில்வரைப் போலவே 30.

மயில் பானையை எடுத்துவிடச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பலகையின் நடுவில் பெரிய எழுத்தில் "பெயின்ட் அடித்தால் பானை குளிர்விக்குமா?" என்று தலைப்பு. அதன் கீழே அவள் கையால் வரைந்த வரைபடம். பெயின்ட் அடித்த பானையையும் இன்னும் இரண்டு நாள் அளக்கட்டும்.