கார்னர்பேக் ஆக விரும்பும் மகன்: டெக்சாஸில் வாழும் தாய்க்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

பிரிஸ்கோவிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பதினோராம் வகுப்பு படிக்கும் மகன் பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் கார்னர்பேக், அதாவது பந்து பிடிக்க ஓடும் எதிரணி வீரரைத் தடுப்பவன். "ஃபுட்பாலை நிறுத்திவிட்டுப் படிக்கட்டும்" என்கிறார் உங்கள் கணவர். "இவனுக்கு எதிர்காலம் இருக்கிறது" என்கிறார் பயிற்சியாளர். இருவருக்கும் நடுவில் நீங்கள் தூக்கமில்லாமல் தவிக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுத்த வேண்டாம். ஆனால் ஃபுட்பாலைச் சம்பாதிக்கும் தொழிலாகக் குடும்பக் கணக்கில் எழுதி வைக்கவும் வேண்டாம்.

வெறும் மோதல் விளையாட்டு என்று உங்கள் கணவர் ஒதுக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவர் மைதானத்துக்குப் போய், பந்தை விட்டுவிட்டு மகனை மட்டும் பார்க்கட்டும். பந்து வாங்க ஓடும் ரிசீவருக்குத் தான் எங்கே திரும்பப் போகிறோம் என்று தெரியும். எதிரே நிற்கும் கார்னர்பேக்குக்குத் தெரியாது. அவன் பின்பக்கமாக ஓடிக்கொண்டே அதைக் கணிக்க வேண்டும். கண்ணாலும் தோளாலும் எதிராளி ஏமாற்ற முடியும், இடுப்பால் ஏமாற்றுவது கடினம். அதனால் இடுப்பைப் பார் என்றுதான் பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். ரிசீவர் திரும்பும் நொடியில் கார்னர்பேக் தன் இடுப்பையும் திருப்பி முன்னோக்கி ஓட வேண்டும். இதற்காக எதிரணியின் பழைய ஆட்டங்களை மணிக்கணக்கில் வீடியோவில் படிக்கிறார்கள். இதைச் செய்யும் பையனைப் படிப்பில் அக்கறை இல்லாதவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கணக்கு கடுமையானது. அமெரிக்காவில் ஏறத்தாழ பத்து லட்சம் மாணவர்கள் பள்ளி அணிகளில் ஆடுகிறார்கள். கல்லூரி அணிக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். அவர்களிலும் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக் தேர்வு செய்வது நூற்றுக்கு இரண்டு பேரைக்கூட அல்ல. மொத்தம் 32 அணிகள், அணிக்கு 53 பேர், அவர்களில் கார்னர்பேக், சேஃப்டி போன்ற பின்வரிசைத் தடுப்பாளர்கள் பத்துப் பேர் அளவில் இருப்பார்கள். உள்ளே போனவர் ஆடும் சராசரிக் காலமும் மூன்று ஆண்டுகளுக்குச் சற்றே அதிகம் என்று வீரர்களின் சங்கமே சொல்லி வந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் மூவரும் உட்கார்ந்து பேச வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. மைரன் ரோல், பஹாமாஸிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேஃப்டியாக ஆடினார். இரண்டரை ஆண்டுகளில் பட்டம் முடித்துவிட்டார். 2008 நவம்பர் 22 அன்று மேரிலாந்து அணியுடன் ஆட்டம். அதே நாளில், ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கத் தரப்படும் ரோட்ஸ் உதவித்தொகைக்கான நேர்முகத் தேர்வு அலபாமாவின் பர்மிங்ஹாமில். ஆட்டம் தொடங்கினாலும் பரவாயில்லை என்று அவர் தேர்வுக்குப் போனார், வென்றார், தனி விமானத்தில் பறந்து வந்து மீதி ஆட்டத்தில் இறங்கினார்.

இதுவரை கேட்டால் எல்லாப் பெற்றோரும் கைதட்டுவார்கள். பிறகு நடந்ததையும் மகனுக்குச் சொல்லுங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவ மானுடவியல் படிப்பதற்காக அவர் ஓர் ஆண்டு ஆட்டத்தை விட்டார். அந்த ஆண்டே என்எஃப்எல்லுக்குப் போயிருந்தால் அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில் முன்வரிசைச் சுற்றிலேயே எடுத்திருப்பார்கள் என்று பேச்சு இருந்தது. 2010-இல் டென்னசி டைட்டன்ஸ் அவரை ஆறாவது சுற்றில், 207-ஆவது ஆளாகத்தான் எடுத்தது. சீசனின் முறையான ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. படிப்புக்காக அவர் கொடுத்த விலை உண்மையானது, அதை மறைத்துக் கதை சொல்லக் கூடாது. 2013-இல் விளையாட்டை விட்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 2017-இல் பட்டம் பெற்று, பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் மூளை நரம்பு அறுவைப் பயிற்சிக்குப் போனார். தினமும் இரண்டு சதவீதம் முன்னேறு என்று கல்லூரிப் பயிற்சியாளர் மிக்கி ஆண்ட்ரூஸ் கற்றுக்கொடுத்ததை அறுவைப் பயிற்சியிலும் கடைப்பிடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மைதானத்தில் படிந்த பழக்கம் வீணாகவில்லை என்பதை உங்கள் கணவர் கவனிக்க வேண்டும். பட்டத்தை முன்கூட்டியே முடித்து வைத்திருந்ததால்தான் அடுத்த கதவு திறந்தது என்பதை உங்கள் மகன் கவனிக்க வேண்டும்.

உங்கள் அச்சத்தில் ஒன்றை மட்டும் நான் குறைக்க மாட்டேன். அது தலைக்காயம். சிகாகோ பேர்ஸ் அணியின் சேஃப்டி டேவ் டூர்சன், நோத்ர டாம் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர், என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை இரண்டு முறை வென்றவர். 2011-இல் ஐம்பது வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். தன் மூளையை ஆய்வுக்குக் கொடுக்கும்படி எழுதி வைத்திருந்தார். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வில் சிடிஇ என்ற மூளைச் சிதைவு உறுதியானது. மயங்கி விழும் பெரிய அடி மட்டுமல்ல, ஆண்டுக்கணக்கில் சேரும் சிறிய அடிகளும் இதற்குக் காரணம். ஆகவே பயிற்சி நாள்களில் முழு வேக மோதல் வாரத்துக்கு எவ்வளவு நேரம் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் அன்றைக்கு மாணவனை மறுபடி இறக்கக் கூடாது என்பது 2011 முதல் டெக்சாஸ் சட்டம். மருத்துவரின் எழுத்து அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் இல்லாமல் அவன் திரும்ப முடியாது. அந்தக் கையெழுத்தை அவசரப்பட்டுப் போடாதீர்கள். தலைவலியை மறைத்தால்தான் அணியில் இடம் நிலைக்கும் என்று மகன் நினைக்காதபடி வீட்டில் பேசி வையுங்கள்.

இனி செய்ய வேண்டியவை. பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாமல் என்எஃப்எல் யாரையும் எடுப்பதில்லை, எனவே கனவு எதுவானாலும் வழி கல்லூரிதான். கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ, தன் முதல் பிரிவுக் கல்லூரியில் ஆட 16 அடிப்படைப் பாடங்களையும் அவற்றில் நான்குக்குக் குறைந்தது 2.3 மதிப்பெண் சராசரியையும் கேட்கிறது. அவற்றில் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு, ஆங்கிலம், கணிதம், அறிவியலில் இருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு இந்த ஆண்டுதான் அந்த ஆண்டு. என்சிஏஏ இப்போது எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வைக் கேட்பதில்லை, ஆனால் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் கேட்கிறது. ஆகவே தேர்வை விட்டுவிடக் கூடாது.

ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும் என்சிஏஏவின் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலும் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. ஆனாலும் பயிற்சியாளர் விரும்பும் மாணவனுக்கு அங்கே சேர்க்கையில் கிடைக்கும் ஆதரவு சிறிதல்ல. நல்ல மதிப்பெண் உள்ள கார்னர்பேக்குக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான். பெரிய அணியில் பெஞ்சில் உட்கார்வதைவிட, நல்ல கல்லூரியில் நான்கு ஆண்டுகள் ஆடிப் பட்டத்தோடு வெளியே வருவது மேல்.

அடுத்த வாரம் பள்ளியின் கல்வி ஆலோசகரிடம் நேரம் வாங்கி, மகனின் மதிப்பெண் பட்டியலையும் என்சிஏஏவின் பாடப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். உங்கள் கணவரையும் கூட்டிச் செல்லுங்கள். விடுபட்ட பாடம் இருந்தால் கோடை வகுப்பில் சேர்ப்பதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.