எட்டாம் வகுப்பு ஓட்டக்காரிக்கு அரசு உதவி எங்கே தொடங்குகிறது?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். 400 மீட்டர் ஓட்டத்தில் குறுவட்ட அளவில் முதலிடம், மாவட்ட அளவில் மூன்றாமிடம். ஸ்பைக்ஸ் (அடியில் ஊசி வைத்த ஓட்டக் காலணி), சத்தான சாப்பாடு, பயிற்சிக் கட்டணம் எல்லாம் சேர்ந்து கட்டுப்படியாகவில்லை. அரசு உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிப்பது?

பதில்: மாவட்டத்தில் மூன்றாமிடம் வந்தவருக்கு மாதாமாதம் பணம் தரும் திட்டம் எதுவும் இல்லை. அதைத் தேடி அலைய வேண்டாம். இந்த வயதில் அரசு கொடுப்பது தங்குமிடம், சாப்பாடு, பயிற்சியாளர், சீருடை. பணமாகக் கிடைப்பதெல்லாம் பதக்கத்துக்குப் பிறகுதான். ஒலிம்பிக் தங்கத்துக்கு 3 கோடி ரூபாய் அறிவித்திருக்கும் மாநிலத்தில் ஒரு ஜோடி ஸ்பைக்ஸுக்கு வழியில்லையா என்று கோபம் வருவது நியாயம்தான். ஆனாலும் ஏணி அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

உங்களுக்கு இப்போது முக்கியமானது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதி. 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேர்பவர்களைத்தான் எடுப்பார்கள். பொதுத் தேர்வு வகுப்பான பத்தாம் வகுப்பில் சேர்க்கை கிடையாது. அதாவது ஒன்பதாம் வகுப்புக்கான இந்த வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்தது பதினொன்றாம் வகுப்பில்தான். இடையில் போகும் இரண்டு வருடம் ஓட்டக்காரிக்கு எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும். அறிவிப்பு வழக்கமாகக் கோடையை ஒட்டி வரும். ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, விண்ணப்பத்தை அச்செடுத்துக்கொண்டு தேர்வுப் போட்டிக்குப் போக வேண்டும். பதிவுக்குக் கொடுக்கும் நாட்கள் குறைவு. பள்ளி வழியாகத் தகவல் வரும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் நிறைய. மாவட்ட விளையாட்டரங்கிலேயே மாவட்ட விளையாட்டு அலுவலரின் அலுவலகம் இருக்கும். பங்குனி பிறந்ததும் வாரம் ஒருமுறை அங்கே நேரில் கேட்டுவிடுங்கள். எந்த விடுதியில் தடகளம் இருக்கிறது, அதில் பெண்களுக்கு இடம் உண்டா என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம். எல்லா விடுதியிலும் எல்லா விளையாட்டும் கிடையாது.

தேர்வு நாளில் சறுக்குவது பெரும்பாலும் திறமையால் அல்ல. பள்ளி மைதானத்தில் மண்ணில் ஓடிப் பழகிய பிள்ளை முதல்முறையாக செயற்கைத் தளம் போட்ட சிந்தெடிக் தடத்தில் இறங்கும்போது முதல் 200 மீட்டரை வேகமாக ஓடிவிட்டு, கடைசி 80 மீட்டரில் கால் கட்டிப்போய் நின்றுவிடும். முன்கூட்டியே நான்கைந்து நாளாவது மாவட்ட அரங்கில் ஓடிப் பார்க்கட்டும். ஸ்பைக்ஸின் ஊசிகளையும் கவனியுங்கள். மண்ணுக்குப் போட்ட நீள ஊசிகளோடு சிந்தெடிக்கில் இறங்க விடமாட்டார்கள். அங்கே அதிகபட்சம் 9 மில்லிமீட்டர், பல அரங்குகளில் 6 தான். ஊசி மட்டும் தனியாகக் கிடைக்கும், ஷூ மாற்ற வேண்டியதில்லை.

அவளுடைய நேரம் எவ்வளவு என்று யாராவது கேட்டால், ஸ்டாப் வாட்சில் எடுத்ததா மின்னணுக் கருவியில் எடுத்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 400 மீட்டரில் கையால் எடுத்த நேரத்தோடு 0.14 வினாடியைக் கூட்டித்தான் ஒப்பிடுவார்கள். ஸ்டாப் வாட்சில் 62.3 என்றால் கணக்கில் 62.44.

விடுதி கிடைக்காவிட்டாலும் இரண்டு வாசல்கள் திறந்தே இருக்கும். ஒன்று முதலமைச்சர் கோப்பை. அதில் பள்ளிப் பிரிவு தனியாக உண்டு, பதிவு ஆன்லைனில். மாநில அளவில் தனிநபர் போட்டிகளில் முதல் மூன்று இடங்களுக்கு 1 லட்சம், 75 ஆயிரம், 50 ஆயிரம் ரூபாய் பரிசு கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்று இந்திய தடகள சம்மேளனம் நடத்தும் தேசிய மாவட்டங்களுக்கிடையேயான ஜூனியர் போட்டி. இதில் மாநில அணியில் இடம்பிடிக்காமலேயே மாவட்டத்தின் சார்பில் நேராகத் தேசியப் போட்டிக்குப் போகலாம். ஆனால் அங்கே 14 வயதுக்குட்பட்டோருக்கு 400 மீட்டர் கிடையாது, மூன்று நிகழ்வுகளைச் சேர்த்த டிரையத்லான்தான். 16 வயதுக்குட்பட்டோருக்கு 60 மீட்டர், 600 மீட்டர். உங்கள் மகளுக்கு 600 பொருந்தும், இப்போதே பழக்குங்கள். இந்த அணியை மாவட்டத் தடகளச் சங்கம்தான் அனுப்பும், பள்ளி அல்ல.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘தேசிய’, ‘சர்வதேச’ என்ற பெயரில் சில ஆயிரம் கட்டணம் வாங்கிக்கொண்டு, வெளியூருக்கு அழைத்துப் போய், கழுத்தில் பதக்கமும் மாட்டி அனுப்பும் போட்டிகள் ஏராளம். மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற சம்மேளனம், அதன் மாநிலச் சங்கம், இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு போன்றவை நடத்தாத போட்டியின் சான்றிதழை விளையாட்டு ஒதுக்கீட்டில் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கட்டணம் கட்டும் முன் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மேலே போகப் போகத்தான் பணம். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகி, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையத்தில் சேர்ந்தால் கைச்செலவுக்கென்று மாதம் 10,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். ஒலிம்பிக் பதக்கத்தைக் குறிவைத்து 2014-இல் தொடங்கிய டாப்ஸ் திட்டத்தின் முதன்மைக் குழுவில் அது 50,000. மாநில அரசும் தன் பங்குக்கு உச்ச நிலை வீரர்களுக்கான ‘எலைட்’ வரை மூன்று அடுக்குத் திட்டங்கள் வைத்திருக்கிறது. இவையெல்லாம் இன்னும் சில வருடம் கழித்து.

அதுவரை செய்ய வேண்டியது காகித வேலை. வயதுதான் முதல் சிக்கல். பிறந்து பல வருடம் கழித்துப் பதிவு செய்த பிறப்புச் சான்றிதழைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைக் கணிப்பார்கள். வயது கூடுதல் என்று தெரிந்தால் போட்டியிலிருந்து விலக்குவதோடு நிற்காது, தடையும் வரலாம். அடுத்தது நம் ஊர் இனிஷியல். பள்ளிப் பதிவேட்டில் ‘மா. தேன்மொழி’, ஆதாரில் ‘தேன்மொழி மாரிமுத்து’, போட்டிச் சான்றிதழில் வெறும் ‘தேன்மொழி’ என்றிருந்தால் மூன்று பேர் என்றுதான் அலுவலகம் நினைக்கும். சான்றிதழ் கையில் வந்ததும் அங்கேயே நின்று பெயர், பிறந்த தேதி, போட்டியின் பிரிவு, செயலாளர் கையெழுத்து எல்லாவற்றையும் சரிபாருங்கள். ஆறு மாதம் கழித்துத் திருத்தப் போனால் செயலாளரே மாறியிருப்பார். ஆதாரில் திருத்தம் இருந்தால் தேர்வு அறிவிப்பு வரும் முன்பே முடித்துவிடுங்கள். பள்ளிச் சேர்க்கை நேரத்தில் மையங்களில் கூட்டம் அலைமோதும்.