கேளுங்க சொல்றோம்: ஸ்கூல் வாசலும் நம்ம வீட்டு வாசலும்

கேள்வி: அண்ணே, நாங்க தங்கச்சிமடத்துல மெயின் ரோட்டை விட்டு உள்ள போற தெருவுல இருக்கோம், தெருக் கடைசியில ஸ்கூல். காலையில எட்டரையில இருந்து ஒன்பது வரைக்கும் எங்க கேட்டைத் திறக்க வழியில்ல. ஆட்டோ, வேன், ஸ்கூட்டி எல்லாம் நிக்கும், ஒரு கார்க்காரரு எஞ்சினை ஆஃப் பண்ணாம பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கிட்டு இருப்பாரு. கேட்டா "அஞ்சு நிமிஷந்தான சார்"ங்கிறாங்க. வெறுத்துப்போயி வாசலுக்கு வெளிய ரெண்டு பெரிய கல்லைப் போட்டு 'நோ பார்க்கிங்' போர்டும் எழுதி மாட்டிட்டேன், இப்ப பேரண்ட்ஸ் என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க. நியாயம் யார் பக்கம்?
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: வாசலை மறிக்கிறது தப்பு, அதுல உங்க பக்கந்தான் நியாயம். வீட்டு நுழைவாயிலை அடைச்சு வண்டி நிறுத்தக்கூடாது, ஸ்கூல், ஆஸ்பத்திரி வாசல்கிட்டயும் நிறுத்தக்கூடாதுன்னு 1989 சாலை விதிகள்லயே இருந்துச்சு, அதுக்குப் பதிலா 2017-ல வந்த விதிகள்லயும் இருக்கு. ஆனா அந்தக் கல்லை இன்னைக்கே எடுத்துருங்க, ரோட்டுல கிடந்தா ஆக்கிரமிப்பு உங்க பேர்ல வரும், ராத்திரி எவனாவது பைக்ல வந்து மோதுனா அதுவும் உங்க தலையிலதான் விடியும். போர்டு இருக்கட்டும், நாலு பேர்ல ரெண்டு பேரு பார்த்து நகருவான், ஆனா அதைக் காட்டி போலீஸ் ஃபைன் போட முடியாது, அரசாங்கமோ அதோட அதிகாரம் உள்ளவங்களோ வச்ச போர்டுக்குத்தான் சட்டத்துல மதிப்பு.

ஒரு டேப் எடுத்துத் தெருவை அளந்து பாருங்கண்ணே. நம்ம பக்கம் உள்தெரு 16 அடி இருந்தாலே பெருசு. ஸ்கூல் பஸ் 8 அடி, கார் கண்ணாடியோட ஆறரை அடின்னு வைங்க, ஒரு பக்கம் கார் நின்னா பஸ் போன மிச்சம் ஒன்றரை அடி, ரெண்டு பக்கமும் நின்னுட்டா நடுவுல 3 அடிதான், 108 வந்தாலும் தெரு முனையிலயே நிக்கணும். அதனால ஸ்கூல்ல போயி "எங்க தெருவுக்கு வராதீங்க"ன்னு கேக்காதீங்க, அது நடக்காது. "கார் உள்ள வர வேண்டாம், முனையிலயே இறக்கி விடட்டும், ஸ்கூல் ஆள் ஒருத்தர் அங்க நின்னு சின்னப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகட்டும்"னு கேளுங்க. முட்டுத்தெருவுல நெரிசலே வண்டி உள்ள வர்றதால இல்ல, உள்ள வந்தவன் திரும்புறதாலதான், ஒரு கார் முன்னபின்ன எடுத்துத் திரும்புறதுக்குள்ள பின்னாடி இருபது வண்டி சேர்ந்துரும்.

இன்னொண்ணு, எந்த நாள்ல ரொம்ப மோசம்னு குறிச்சு வைங்க. உங்க பக்கத்து ராமேஸ்வரம் விசைப்படகு வழக்கமா திங்கள், புதன், சனி கடலுக்குப் போயி மறுநாள் காலையில கரை சேரும், அப்ப செவ்வாயும் வியாழனும் மீன் வண்டி, ஐஸ் வண்டி எல்லாம் ஸ்கூல் நேரத்துலதான் மெயின் ரோட்டுல ஓடும். ஆள் நிறுத்த தினமும் முடியலேன்னா இந்த ரெண்டு நாளாவது நிறுத்தச் சொல்லுங்க. ஸ்கூல் காது குடுக்கலேன்னா கிராம சபையில வச்சுத் தீர்மானமாக்குங்க, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு ஆறு நாள் இருக்கு. அந்தத் தீர்மான நகலோட திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தா, தனியா ஒருத்தர் குடுக்கிற மனுவை விட வெயிட்டு ஜாஸ்தி.

கேள்வி: காக்கா (அண்ணே), எல்லாரும் பெத்தவங்களையே ஏசுறாங்க. வேன் பீஸ் கட்டுப்படி ஆகாம நான் ஸ்கூட்டியில ரெண்டு பிள்ளைய கொண்டு விடுறேன். காலையிலயாவது பரவாயில்ல, சாயங்காலம் ஸ்கூல் வாசல்ல நிக்க இடமில்ல, நின்னா அந்தத் தெருக்காரங்க பேச்சு காதுல கேக்க முடியாது. நாங்க எங்கதான் போறது?
- வாசகி, கீழக்கரை

பதில்: நல்லாக் கவனிச்சிருக்கீங்க லாத்தா (அக்கா), காலையும் சாயங்காலமும் ஒண்ணு இல்ல. காலையில வண்டி ஓடிக்கிட்டே இருக்கும், பிள்ளை இறங்க ஒரு நிமிஷம் ஆகாது. சாயங்காலம் மூணே முக்காலுக்கே வந்து இடம் பிடிச்சு நாலு பத்து வரைக்கும் நிப்போம், தெரு அடைக்கிறதே அப்பத்தான். இதுக்குப் பெத்தவங்களை ஏசி புண்ணியமில்ல, ஸ்கூல்தான் மணியை மாத்தணும், எல்.கே.ஜி.யில இருந்து ரெண்டாம் கிளாஸ் வரைக்கும் முதல்ல விட்டுட்டு, பதினஞ்சு நிமிஷம் கழிச்சு மத்தவங்களை விட்டா வாசல்ல நிக்கிற கூட்டம் நல்லாவே கொறையும். காசே செலவில்லாத வேலை, ஆனா ஸ்டாஃப் கொஞ்சம் முனகுவாங்க. கவர்மெண்ட் ஸ்கூலா இருந்தா பள்ளி மேலாண்மைக் குழுவுல பேசுங்க, அதுல முக்கால்வாசி பெத்தவங்கதான், பாதிப்பேரு பொம்பளைங்க இருக்கணும்னு 2009 கல்விச் சட்டமே சொல்லுது.

அதுவரைக்கும் வாசலுக்கு எரநூறு மீட்டர் தள்ளி அகலமான இடமாப் பார்த்து நில்லுங்க, பிள்ளைகிட்ட அந்த இடத்தை முன்னாடியே காட்டி வைங்க. இறக்குறப்ப சுவர்ப்பக்கமா, இடதுபக்கம் இறக்குங்க, பையை முதல்ல குடுத்துட்டு அப்பறம் பிள்ளை இறங்கட்டும், பை ஹேண்டில்ல மாட்டி வண்டி சாஞ்சு விழுறது நம்ம ஊர்ல அடிக்கடி நடக்குது. இத்தாலியில போல்சானோன்னு ஒரு ஊர்ல 1989லயே ஸ்கூல் விடுற நேரத்துக்கு மட்டும் தெருவுல வண்டியே வராம அடைச்சுப் பார்த்தாங்க, அப்பறம் பல நாட்டுல அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. கீழக்கரை பழைய சந்துகளுக்கு அப்படி ஒரு அரைமணி நேர அடைப்புதான் சரிப்படும்னு எனக்குத் தோணுது, பாதி வீடு நடக்கிற தூரத்துலதான இருக்கு. ஒரே தெருப் பிள்ளைங்க பத்துப் பேரைச் சேர்த்து முன்னாடி ஒரு லாத்தா, பின்னாடி ஒரு லாத்தான்னு முறை வச்சுக் கூட்டிட்டுப் போனா ஸ்கூட்டியே வேண்டியதில்ல.

கேள்வி: ஒன்பதாவது படிக்கிற மகன், "நானே டி.வி.எஸ். எக்ஸெல் மொபெட்ல ஸ்கூலுக்குப் போறேன், நீங்க அலைய வேண்டாம்"ங்கிறான். குடுக்கலாமா?
- வாசகர், உச்சிப்புளி

பதில்: கூடவே கூடாது. 16 வயசு முடிஞ்சாலும் கியர் இல்லாத 50 சிசி வரைக்குந்தான் லைசென்ஸ், எக்ஸெல் 100 கிட்டத்தட்ட 100 சிசி. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்கு அப்பறம் பிடிபட்டா உங்களுக்கு 25,000 ரூபா ஃபைன், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், வண்டி ஆர்சி ஒரு வருஷம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. சைக்கிள் வாங்கிக் குடுங்க.

கேள்வி: சார், நான் ஸ்கூல் வேன் ஓட்டுறேன். வீட்டு வாசல்ல ஹாரன் அடிச்சாத்தான் பிள்ளைய வெளிய அனுப்புறாங்க, அடிச்சா பக்கத்து வீட்டுக்காரர் வைய்யிறாரு.
- வாசகர், ராமநாதபுரம்

பதில்: ஸ்கூலைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலமா வைக்கலாம்னு 2000-ல வந்த ஒலி மாசு விதி சொல்லுது, அங்க ஹாரனே அடிக்கக்கூடாது. வீட்டுத் தெருவுக்கு அந்த விதி பொருந்தாட்டியும், ஏழரை மணிக்கு பாம் பாம்னு அடிச்சா யாரா இருந்தாலும் வையத்தான் செய்வாங்க. முந்துன ஸ்டாப்புல வண்டி நிக்கிறப்பவே அடுத்த வீட்டுக்கு மிஸ்டு கால் குடுத்துருங்க, ஓட்டிக்கிட்டே குடுக்காதீங்க, கூட வர்ற அட்டெண்டர்கிட்ட போனைக் குடுத்துருங்க. போயி ரெண்டு நிமிஷம் நின்னு பார்த்துட்டு வரலேன்னா கிளம்பிருவேன்னு எல்லா வீட்டுலயும் முன்கூட்டியே சொல்லிருங்க, ஸ்கூல்லயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. முதல் வாரம் ரெண்டு மூணு பேரு கத்துவாங்க, அடுத்த வாரம் பிள்ளை ஷூ போட்டு வாசப்படியில நிக்கும்.