அழிகிறதா, அழிக்கிறீர்களா?

கேள்வி: எனக்கு 41 வயது. தாம்பரத்தில் வீடு, வங்கியில் வேலை. மனைவி, பதினொரு வயது மகள், அம்மா என்று அளவான குடும்பம். குறை ஒன்றும் இல்லை. ஆனால் எதிலும் மனம் ஒட்டவில்லை. எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கிறது. ஊட்டி, மூணாறு என்று போய் வந்தேன். திரும்பிய மறுநாளே பழைய வெறுமை. அம்மாவுக்கு 70 வயது, மூட்டு வலி. வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஐந்து மணிக்கே எழுந்து கோலம் போடுகிறார். எட்டு மணிக்கு நான் பைக்கை எடுத்ததும் அது அழிந்துவிடுகிறது. இப்படி ஓடுகிற வாழ்க்கையில் அழகையும் மகிழ்ச்சியையும் எங்கே தேடுவது?

பதில்: தம்பி, இசை கேளுங்கள், செடி வளருங்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ‘நான் பைக்கை எடுத்ததும் அது அழிந்துவிடுகிறது.’ அழிந்துவிடுகிறதா, நீங்கள் அழிக்கிறீர்களா?

எழுபது வயதில், வலிக்கிற மூட்டோடு, உங்களைப் பெற்றவர் தினமும் வாசலில் குனிகிறார். அவர் போட்டதன் மேல் சக்கரத்தை ஏற்றிக்கொண்டு போய், அழகு எங்கே என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

நேற்று அம்மா போட்டது புள்ளிக்கு நேராகப் புள்ளி வைக்கிற நேர்ப்புள்ளியா, இரண்டு புள்ளிக்கு இடையில் வைக்கிற ஊடுபுள்ளியா? உங்களுக்குத் தெரியாது. எல்லா நாளும் ஒரே மாதிரி என்கிறீர்களே, கோலம் பழகிய கை நேற்றுப் போட்டதை இன்று போடாது. வெள்ளிக்கிழமைக்கு ஒன்று, அமாவாசை கழிந்த மறுநாளுக்கு ஒன்று. மார்கழியில் தெருவை அடைத்து, நடுவே சாணி உருண்டையில் பூசணிப் பூ.

ஒரு நாளாவது அருகில் நின்று பாருங்கள். தெளித்த நீர் பாதி காய்ந்திருக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் மாவு திட்டுத் திட்டாக ஒட்டும்; காய்ந்துவிட்டால் பறக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு இழையாக இறங்கும். சிக்குக் கோலம் என்றால் அந்த இழை எந்தப் புள்ளியையும் தொடாமல், எல்லாவற்றையும் வளைத்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். நடு வரிசையில் ஏழு புள்ளி வைத்து, இரு பக்கமும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து நான்கில் நிறுத்துகிற ஊடுபுள்ளிக் கோலத்தில் மொத்தம் 37 புள்ளிகள். அளவுகோல் கிடையாது, அழிப்பான் கிடையாது. உங்கள் தாம்பரத்திலேயே, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில், பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆராய்ந்தவர்களும் 1970களில் இந்தக் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக வகுத்துக் கட்டுரை எழுதினார்கள். அவர்கள் விதி எழுதிப் பார்த்ததை உங்கள் அம்மா பால்காரர் வருவதற்குள் போட்டு முடித்துவிடுகிறார்.

அழியும் என்று அவருக்குத் தெரியாதா? எறும்பு தின்னட்டும் என்றுதானே அரிசி மாவில் போடச் சொன்னார்கள். எறும்பு எடுத்துப் போவதும் டயர் தேய்த்துப் போவதும் ஒன்றல்ல.

என் அம்மாவின் கோல நோட்டு என் அலமாரியில் இருக்கிறது. பக்கம் பக்கமாகப் பென்சில் புள்ளிகள். சில பக்கங்களில் புள்ளியை மட்டும் வைத்துவிட்டு இழையை இழுக்காமல் விட்டிருக்கிறார். அது எந்தப் பக்கம் வளையும் என்று கேட்க ஆள் இல்லை.

வீட்டில் ஒருவர் செய்வதை நின்று பார்க்காத கண்ணுக்கு மூணாறு எதையும் காட்டாது. தாயைக் கவனிப்பது மாத்திரை வாங்கித் தருவதோடு முடிந்துவிடுவதும் இல்லை. இன்று இரவே பைக்கை வாசலை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். நாளை ஐந்து மணிக்கு எழுந்து, வாளியைத் தூக்குவதும் வாசல் கூட்டித் தெளிப்பதும் உங்கள் வேலை. மகளையும் எழுப்புங்கள், அவள் புள்ளி வைக்கட்டும். அம்மாவுக்குக் குனிய முடியாத நாளில் அவருக்கு நாற்காலியைப் போடுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் இழையை இழுங்கள். ஆண்பிள்ளை கோலம் போடுகிறான் என்று தெரு பேசினால் பேசட்டும்.

நாளைக்கு எத்தனை புள்ளி என்று இன்று சாப்பிடும்போதே அம்மாவிடம் கேட்டு வையுங்கள்.